திருமுழுக்கும் உடன்படிக்கையும்: குமரிக் கடற்கரையும் இடைக்கால அயர்லாந்து, ஆங்கிலோ-சாக்சன் நாடுகளும்

ஆய்வுச் சுருக்கம்

16-ஆம் நூற்றாண்டில் குமரிக் கடற்கரையில் நிகழ்ந்த கூட்டுத் திருமுழுக்குகள் நம்பிக்கையின் விளைவா, பாதுகாப்பு நாடி மேற்கொள்ளப்பட்டனவா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. வைக்கிங் தாக்குதலுக்கு உள்ளான அயர்லாந்து, ஆங்கிலோ-சாக்சன் நாடுகளின் வரலாற்றிலும் இவ்வினா எழுந்துள்ளது. அங்குத் திருமுழுக்கு முதலில் அரசியல் உடன்படிக்கையாக அமைந்து, பின்னர் மக்கள் மொழியின் வழியே சமயமாக வேரூன்றியதைச் சொற்கள், பெயர்கள், நாணயங்கள், கற்கள் ஆகியவை காட்டுகின்றன. அவ்வகைச் சான்றுகளைக் குமரிக் கரையிலும் தேடி, திருமுழுக்கு பெற்ற நாளின் நோக்கத்தைக் காட்டிலும் அதன்பின் நிகழ்ந்த மொழியாக்கமே ஆய்வுக்குரிய பொருள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: திருமுழுக்கு, உடன்படிக்கை, நோர்சு மக்கள், வடுகர், குருசடி, தம்பிரான் வணக்கம், மொழியாக்கம்

1. முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டக் கிறித்தவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். ஒரு சாரார் புனித சவேரியாரின் அருட்பணியால் மக்கள் மனம் மாறினர் என்பர். மற்றொரு சாரார் போர்ச்சுக்கீசியரின் படைவலிமையை நாடிய மக்கள் ஆதாயம் கருதிச் சமயம் மாறினர் என்பர். இரு சாராரும் திருமுழுக்கு நடைபெற்ற நாளையே வரலாற்றின் முடிவான தருணமாகக் கொள்கின்றனர். அந்நாளில் மக்களின் உள்ளத்தில் இருந்தது என்ன என்பதே இருவர்க்குமிடையிலான வழக்கு. அந்த உள்ளத்தை அறிய நமக்குச் சான்று இல்லாமையால் வழக்கும் முடிவதில்லை. இவ்வழக்கு ஏட்டளவில் நிற்பதும் இல்லை. முன்னோரின் நோக்கத்திற்கு இன்றுள்ளோர் விடைகூற வேண்டிய நிலையையும் அது உருவாக்குகிறது.

அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் கிறித்தவம் பரவிய வரலாறும் அதனிடையே புகுந்த நோர்சு மக்களின் வரலாறும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. கடல்வழி வந்த சமயம், கடற்கரை மக்கள்மீதான தாக்குதல், பாதுகாப்பு வேண்டிய உடன்படிக்கை, கூட்டுத் திருமுழுக்கு, அயல்மொழிச் சொற்களின் வரவு ஆகிய கூறுகள் இரு வரலாறுகளிலும் உள்ளன. அவை அமைந்த முறையில் வேறுபாடுகளும் உள. ஒற்றுமையையும் வேறுபாட்டையும் ஒருசேர நோக்கும்போது குமரிக் கரையின் தனித்தன்மை தெளிவாகிறது.

2. அயர்லாந்து, ஆங்கிலோ-சாக்சன் நாடுகளின் அனுபவம்

5-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் பணியாற்றிய பேட்ரிக், இளமையில் அயர்லாந்துக் கொள்ளையரால் பிரித்தானியாவிலிருந்து அடிமையாகக் கொண்டுசெல்லப்பட்டவர். அவர் எழுதியவற்றுள் இரண்டு எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று கொரோட்டிகஸ் என்னும் தலைவனின் வீரர்களுக்கு எழுதிய கண்டனக் கடிதம். திருமுழுக்கு பெற்று ஒருநாள்கூடக் கழியாத மக்களை அவ்வீரர்கள் கொன்றும் சிறைப்பிடித்தும் சென்றதை அக்கடிதம் சாடுகிறது. கொரோட்டிகஸும் கிறித்தவன் எனப்பட்டவனே. ஆகவே அத்தீவின் வரலாற்றில் தொடக்கம் முதலே தாக்குவோரைப் புறச்சமயத்தார் என்றும் தாக்கப்பட்டோரைக் கிறித்தவர் என்றும் எளிதாகப் பிரிக்க இயலாது.

கொலம்பா 563-இல் அயோனா தீவில் மடம் நிறுவினார். 597-இல் அகுஸ்தீன் கென்ட் நாட்டை அடைந்து எத்தல்பெர்ட் மன்னனுக்குத் திருமுழுக்கு அளித்தார். ஆங்கிலோ-சாக்சன் நாடுகளில் மன்னன் முதலிலும் மக்கள் பின்னரும் சமயம் மாறுவதே பெருவழக்கு. பீடு என்னும் துறவி 731-இல் நிறைவுசெய்த திருச்சபை வரலாறு இதற்குச் சான்றுகள் தருகிறது. கிழக்கு ஆங்கிலிய மன்னன் ரெட்வால்டு திருமுழுக்கு பெற்றபின்னும், ஒரே கோவிலில் கிறித்துவுக்கு ஒரு பீடமும் பழைய தெய்வங்களுக்கு ஒரு பீடமும் வைத்திருந்தான் என்கிறார் அவர். கிழக்குச் சாக்சன் மன்னன் இறந்ததும் அவன் மக்கள் ஆயர் மெல்லிட்டஸை நாட்டைவிட்டு அகற்றிப் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினர். மன்னனோடு வந்த சமயம் மன்னனோடு போயிற்று.

793-இல் லிண்டிஸ்பார்ன் மடமும் 795-இல் அயோனா மடமும் நோர்சு மக்களால் தாக்கப்பட்டன. 806-இல் அயோனாவில் 68 பேர் கொல்லப்பட்டனர் என்று ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன. 841-இல் டப்ளினில் நோர்சு மக்களின் கப்பல் தளம் அமைந்தது. 869-இல் கிழக்கு ஆங்கிலிய மன்னன் எட்மண்டு தேனியரால் கொல்லப்பட்டான். 878-இல் வெசெக்ஸ் மன்னன் ஆல்பிரட் எடிங்டன் போரில் குத்ரம் என்னும் தேனியத் தலைவனை வென்றான். சில வாரங்களில் குத்ரமும் அவனுடைய முதன்மை வீரர் முப்பதின்மரும் திருமுழுக்கு பெற்றனர். ஆல்பிரட்டே குத்ரமுக்கு ஞானத்தந்தையாக நின்றான். குத்ரமுக்கு ஏத்தல்ஸ்தான் என்னும் ஆங்கிலப் பெயர் இடப்பட்டது. பின்னாளில் அவன் வெளியிட்ட நாணயங்களில் இப்பெயரே காணப்படுகிறது.

இத்திருமுழுக்கு போர்நிறுத்தத்தின் ஒரு கூறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. எட்மண்டு கொல்லப்பட்டு ஒரு தலைமுறை கடப்பதற்குள், தேனியர் ஆட்சியில் இருந்த அதே கிழக்கு ஆங்கிலியாவில் எட்மண்டைப் புனிதராகப் போற்றும் நாணயங்கள் அச்சிடப்பட்டன. 943-இல் ஆங்கில மன்னனை ஞானத்தந்தையாகக் கொண்டு திருமுழுக்கு பெற்ற டப்ளின் நோர்சு மன்னன் ஓலாவ் குவாரான், 980-இல் தாரா போரில் தோற்றபின் அயோனாவுக்குச் சென்று அங்கேயே உயிர்நீத்தான். நோர்சு மக்கள் ஒருகாலத்தில் சூறையாடிய மடத்திலேயே நோர்சு மன்னன் ஒருவன் தன் இறுதி நாள்களைக் கழித்தான்.

3. குமரிக் கரையின் அனுபவம்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் முத்து வாணிகத்தில் தம்மோடு மோதிய முசுலிம் வணிகர்க்கு எதிராகப் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடினர். அரபு வணிகத் தொடர்பும் கப்பல் வலிமையும் உடைய அவ்வணிகரை எதிர்ப்பதற்கு மற்றொரு கடல்வலிமை தேவைப்பட்டது. யோவான் தா குருசு என்னும் குதிரை வணிகர் இடைநின்று உதவ, பரதவரின் பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று திருமுழுக்கு பெற்றனர். தொடர்ந்து 1536-37 அளவில் கடற்கரை ஊர்களில் சுமார் 20,000 பேர் திருமுழுக்கு பெற்றதாக வரலாற்றாசிரியர் குறிப்பர்.

1542-இல் இக்கரையை அடைந்த சவேரியார், இம்மக்களிடம் நம்பிக்கையைப் பற்றி வினவியபோது, தாம் கிறித்தவர் என்பதற்கு மேல் அவர்கள் ஏதும் கூறவில்லை என்று எழுதுகிறார். போர்ச்சுக்கீசு மொழி அறியாமையால் சமயக் கோட்பாடுகளையும் அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஆதாயக் கோட்பாட்டினர் இதனைத் தமக்குரிய சான்றாகக் கொள்வர். ஆனால் சவேரியார் குறிப்பிடும் காரணத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். மக்கள் நம்பிக்கையை மறுத்தனர் என்று அவர் கூறவில்லை. அது அவர்கள் மொழியில் அவர்களிடம் வந்து சேரவில்லை என்பதே அவர் கூற்றின் சாரம்.

1544-இல் இருபெரும் நிகழ்வுகள் குமரிக் கரையில் நேர்ந்தன. அவ்வாண்டு சூன் மாதம் சவேரியாரின் கடிதங்களில் ‘படகர்’ எனப்படும் வடுகப் படையினர் குமரிமுனைக் கிறித்தவர்களைத் தாக்கினர். விசயநகரத்தின் தென்னாட்டுப் படையெடுப்போடும் கடற்கரை வருவாய்க்கான போட்டியோடும் தொடர்புடையது இத்தாக்குதல். மக்கள் கடலில் இருந்த பாறைகளில் அடைக்கலம் புகுந்து பசியாலும் நீர்வேட்கையாலும் மடிந்தனர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உதவிக்குப் புறப்பட்டார். தென்மேற்குப் பருவக்காற்று எதிர்த்து வீசியதால் தோணிகளால் முனையை எட்ட இயலவில்லை. அவ்வாண்டின் இறுதியில் குமரிமுனைக்கு மேற்கே வேணாட்டுக் கடற்கரையில் முக்குவர் திருமுழுக்கு பெற்றனர். ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குத் திருமுழுக்கு அளித்ததாகச் சவேரியார் 1545 சனவரிக் கடிதத்தில் கூறுகிறார்.

தனித்து நின்று சிலுவையை உயர்த்தி வடுகப் படையைச் சவேரியார் திருப்பியனுப்பினார் என்பதும், அதற்கு நன்றியாக வேணாட்டு மன்னர் கோட்டாற்றில் கோவிலுக்கு இடமளித்தார் என்பதும் இப்பகுதியில் வழங்கும் மரபுச் செய்திகள். கடிதங்கள் காட்டும் சவேரியார் எதிர்க்காற்றோடு போராடிக் கரைசேர இயலாது வருந்தியவர். மக்கள் நினைவு போற்றும் சவேரியார் படையை நிறுத்தியவர். பாதுகாப்பு என்பது அம்மக்களுக்கு எத்துணை இன்றியமையாததாய் இருந்தது என்பதை இவ்விடைவெளியே உணர்த்துகிறது.

4. உடன்படிக்கையின் இயல்பும் வேறுபாடுகளும்

குத்ரமின் திருமுழுக்கும் பட்டங்கட்டிகளின் திருமுழுக்கும் அமைப்பில் ஒத்தவை. இரண்டிலும் தலைவர் முன்செல்ல மக்கள் பின்தொடர்கின்றனர். இரண்டிலும் ஞானத்தந்தை என்னும் சடங்குமுறை உறவு, காப்பவன்–காக்கப்படுபவன் என்னும் அரசியல் உறவின் வடிவமாகிறது. தாக்குவோரின் பெயர்களும் வியக்கத்தக்கவகையில் ஒத்துள்ளன. நோர்சு மக்களைக் குறித்த ‘வடபுலத்தார்’ என்னும் சொல்லும் ‘வடுகர்’ என்னும் தமிழ்ச்சொல்லும் திசையால் பெற்ற பெயர்களே.

வேறுபாடுகள் மூன்று. முதலாவது, இங்கிலாந்தில் தோற்ற தாக்குநரே திருமுழுக்கு பெற்றனர். குமரிக் கரையில் தாக்கப்பட்டோர் திருமுழுக்கு பெற்றனர். வடுகர் தம் சமயத்திலேயே நின்றனர். இரண்டாவது, அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் சமயம் கொணர்ந்த துறவியரும் கடல்வலிமை படைத்த நோர்சு மக்களும் வெவ்வேறு கூட்டத்தார். குமரிக் கரையில் சமயமும் கடற்படையும் ஒரே கப்பலில் வந்தன. இதனால் காப்பவனின் கொடுமையும் சமயத்தின் பெயரோடு இணைந்துவிட்டது. போர்ச்சுக்கீசிய அதிகாரிகள் புதுக்கிறித்தவர்க்கு இழைத்த கொடுமைகளைச் சவேரியாரின் கடிதங்களே கடிந்துரைக்கின்றன. மூன்றாவது, ஆங்கிலோ-சாக்சன் நாடுகளில் மன்னனே சமயம் மாறினான். இங்கோ வேணாட்டு மன்னர் தம் சமயத்தில் நிற்க, கடற்கரைச் சமூகங்கள் மட்டும் மாறின. எனவே அரசின் ஆணை இச்சமயத்தை நிலைநிறுத்தியது என்று கூற இடமில்லை.

உடன்படிக்கை மட்டுமே இச்சமயத்தின் அடித்தளமாக இருந்திருப்பின், காப்பவன் வீழ்ந்தபோது அதுவும் வீழ்ந்திருக்க வேண்டும். கிழக்குச் சாக்சன் நாட்டில் அவ்வாறே நிகழ்ந்தது. குமரிக் கரையிலும் அத்தகைய சோதனை நேர்ந்தது. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர்; சில ஆண்டுகளில் கொல்லமும் கொச்சியும் அவர்கள் வயமாயின. கத்தோலிக்கத்திற்கு மாறான சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர்கள் அவர்கள். ஆதாயம் கருதியோர் புதிய காவலரின் சபைக்கு மாறியிருக்கலாம். ஆயினும் பரதவரும் முக்குவரும் கத்தோலிக்கராகவே நின்றனர். 1537-க்கும் 1658-க்கும் இடைப்பட்ட 120 ஆண்டுகளில் என்ன நிகழ்ந்தது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா.

5. ‘வேண்டும்’ என்பதிலிருந்து ‘விசுவசிக்கிறேன்’ வரை

இவ்வினாவிற்கு விடைதரும் குறிப்பு ஒன்று சவேரியாரின் கடிதத்திலேயே உள்ளது. அவர் இப்பகுதிக்கு வந்தவுடன் மொழியறிந்தோர் துணையால் மன்றாட்டுகளைத் தமிழாக்கினார். மணியடித்துச் சிறுவரைக் கூட்டி அவற்றை மனப்பாடமாகக் கற்பித்தார். அம்முதல் தமிழாக்கத்தில், நம்புகிறேன் என்னும் பொருள்பட வரவேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்னும் சொல் அமைந்திருந்தது. 1544-இல் தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், ‘வேண்டும்’ என்பது விரும்புகிறேன் என்றே பொருள்படும், ஆகவே ‘விசுவசிக்கிறேன்’ என்று கூறுக எனத் திருத்தம் தருகிறார்.

இத்திருத்தம் மொழிபெயர்ப்புப் பிழையின் நீக்கமாக மட்டும் கருதத்தக்கதன்று. ஓராண்டுக்கும் மேலாகக் குமரிக் கடற்கரை மக்கள் இறைவன் எமக்கு வேண்டும் என்றே மன்றாடியிருக்கின்றனர். பாதுகாப்பு நாடித் திருமுழுக்கு பெற்ற மக்களின் நிலைக்கு அச்சொல் பொருந்தாத சொல்லும் அன்று. வேண்டுதலாகத் தொடங்கியது, சொல் திருத்தப்பட்டு, விசுவாசமாகக் கற்பிக்கப்பட்டது. உடன்படிக்கை சமயமாக மாறும் நிகழ்வை ஒரு வினைச்சொல்லின் மாற்றத்தில் காணும் வாய்ப்பு வரலாற்றில் அரிதாகவே கிட்டும்.

சவேரியாருக்குப் பின் அன்றிக்கு அடிகளார் இப்பணியைத் தொடர்ந்தார். தமிழ் கற்று, போர்ச்சுக்கீசு மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1554-இல் இலிசுபனில் தமிழ் மன்றாட்டு நூல் உரோமன் எழுத்தில் அச்சானது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே அச்சிடப்பட்டது. 1579-இல் ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியிலும், 1586-இல் ‘அடியார் வரலாறு’ புன்னைக்காயலிலும் வெளிவந்தன. இவ்வச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறை மக்களே பொருளுதவி புரிந்தனர் என்பது கருதத்தக்கது. ஆதாயம் பெற வந்தோர் என்று கூறப்பட்டவர்களின் பிள்ளைகள், தம் மொழியில் சமயநூல் வேண்டிப் பொருள் ஈந்துள்ளனர்.

இங்கிலாந்திலும் இதற்கு இணையான வளர்ச்சி உண்டு. மாடு மேய்த்த கேட்மன் என்பவர் படைப்பின் வரலாற்றை ஆங்கிலத்தில் பாடத் தொடங்கியதைப் பீடு பதிவுசெய்துள்ளார். குத்ரமுக்கு ஞானத்தந்தையாக நின்ற ஆல்பிரட்டே, தாக்குதல்களால் கல்வி அழிந்ததைக் கண்டு இலத்தீன் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியைத் தொடங்கினான். உடன்படிக்கையும் மொழியாக்கமும் அங்கே ஒரே மன்னனின் இரு செயல்களாயின.

இறைவனைக் குறிக்கத் தேர்ந்த சொற்களும் ஒப்புநோக்கத்தக்கவை. பழைய ஆங்கிலத்தில் இறைவனைக் குறித்த ‘திரிக்டென்’ என்னும் சொல், முதலில் போர்க்குழுவின் தலைவனைக் குறித்தது. தமிழில் தலைவன் எனப் பொருள்படும் ‘தம்பிரான்’ முதல் அச்சுநூலின் பெயரிலேயே இடம்பெற்றது. ‘ஆண்டவர்’ இன்றளவும் வழக்கிலுள்ளது. காக்கும் தலைவனை நாடிய மக்களுக்கு அவர்கள் அறிந்த தலைமைச் சொல்லாலேயே இறைவன் அறிமுகமாகிறான். பின்னர்ச் சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் எனச் சபைதோறும் காலந்தோறும் சொற்கள் மாறின. இம்மாற்றங்கள் தொடர்ந்தமையே மொழியாக்கம் உயிருடன் இருந்தமைக்குச் சான்று.

6. குருசும் சிலுவையும்

கிறித்தவத்தின் முதன்மைச் சின்னத்திற்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் இரண்டிரண்டு சொற்கள் வழங்கியுள்ளன. பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல் ‘ரோட்’. இன்றைய ஆங்கிலத்தின் ‘கிராஸ்’ வேறு வழியில் வந்தது. இலத்தீனின் ‘குருக்ஸ்’ ஐரிஷ் மொழியில் ‘குரோஸ்’ ஆயிற்று. ஐரிஷ் மக்களோடு பழகிய நோர்சு மக்கள் அதனைத் தம் மொழியில் ஏற்றனர். அவர்கள் குடியேறிய வட இங்கிலாந்தின் வழியே அது ஆங்கிலத்தில் புகுந்தது. மடங்களைச் சூறையாடியவர்களே அம்மடங்களின் சின்னத்திற்குரிய சொல்லை ஆங்கிலேயரிடம் கொண்டுசேர்த்தனர். தாக்குதலை மட்டும் பதிவுசெய்த ஆண்டுக்குறிப்புகள் கூறாத ஓர் உறவை இச்சொல் கூறுகிறது.

தமிழின் ‘சிலுவை’ சிரிய மொழியிலிருந்து வந்தது. மலையாளக் கரையின் தோமா கிறித்தவர் மரபோடு தொடர்புடையது அது. ‘குருசு’ போர்ச்சுக்கீசு மொழியின் ‘குரூஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. இவ்விரண்டனுள் சிலுவை நூல்வழக்காயிற்று. குருசு மக்கள் வழக்கில் ஊன்றியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருமுனையிலும் கடற்கரையிலும் அமைந்த சிறு வழிபாட்டிடம் ‘குருசடி’ எனப்படுகிறது. ‘ஆலடி’, ‘வேம்படி’, ‘அரசடி’ என மரத்தின் பெயரோடு ‘அடி’ சேர்த்து இடத்தைச் சுட்டும் தமிழ் வழக்கின் அச்சிலேயே இச்சொல் வார்க்கப்பட்டுள்ளது. முற்பகுதி போர்ச்சுக்கீசு, பிற்பகுதியும் சொல்லமைப்பும் தமிழ். கூரையற்ற வெளியில், ஒரு மரத்தடியில் கூடி வழிபடும் பழக்கம் புதிய சமயத்திலும் தொடர்ந்ததை இச்சொல் உணர்த்துகிறது எனலாம். 601-இல் திருத்தந்தை கிரகோரி, ஆங்கிலேயரின் பழைய கோவில்களை இடிக்காது வழிபாட்டிடங்களாக மாற்றுக என்று மெல்லிட்டஸுக்கு எழுதினார். குருசடியின் அமைப்பிலோ அத்தகைய ஆணைக்குத் தேவை இருந்ததாகத் தோன்றவில்லை. மக்களின் மொழியே அதனைச் செய்துள்ளது.

சமயம் சாராத சொற்களும் இவ்வுறவை விளக்கும். ஆங்கிலத்தில் பலகணியைக் குறிக்கும் ‘விண்டோ’ நோர்சு மொழியின் ‘காற்றின் கண்’ என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. அது ‘கண்துளை’ எனப் பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லை வழக்கிழக்கச் செய்தது. பழந்தமிழ் அறிந்த ‘காலதர்’ காற்றின் வழி என்று பொருள்படும். அக்காலதரும் சாளரமும் இருக்கவே போர்ச்சுக்கீசின் ‘சனேலா’ இங்கு ‘ஜன்னல்’ ஆயிற்று. சாவி, மேசை, அலமாரி, பீப்பாய், ஏலம் ஆகியனவும் அவ்வழி வந்தவையே. ஐரிஷ் மொழியில் சந்தையைக் குறிக்கும் சொல்லும், ஆங்கிலத்தில் சட்டம், கணவன் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் நோர்சு வழி வந்தவை. வாளுடன் வந்தோர் வீட்டுச் சொற்களை விட்டுச்செல்வது, அருகருகே வாழ்ந்த நெடுங்கால வாழ்வின் அடையாளம்.

7. பெயரும் கல்லும்

திருமுழுக்கின்போது குத்ரம் ஞானத்தந்தையின் நாட்டுப் பெயரைப் பெற்றான். பரதவரிடையே பர்னாந்து, ரொட்ரிகோ, கோமசு, மச்சாடோ முதலிய போர்ச்சுக்கீசியக் குடிப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அவை 16-ஆம் நூற்றாண்டு உடன்படிக்கையின் எச்சங்கள். இரு நூற்றாண்டுகள் கழித்து வேறொரு பெயரிடும் முறையைக் காண்கிறோம். நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் அரசின் பணியாளர். குளச்சல் போரில் 1741-இல் சிறைப்பட்டு, பின் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவரான டிலனாய் என்பவரின் நட்பால் கிறித்தவத்தை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு பெற்றபோது அவருக்கு இடப்பட்ட பெயர் தேவசகாயம். விவிலியத்தின் இலாசர் என்னும் பெயரின் பொருளைத் தழுவியது இது. அயற்பெயர் அப்படியே ஏற்கப்பட்ட நிலை மாறி, பெயரும் மொழிபெயர்க்கப்படும் நிலை வந்துவிட்டது. அவரது திருமுழுக்கிற்குப் பின்னே கடற்படையின் காவலும் இல்லை. அது அவருக்குத் தண்டனையையே தந்தது. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். கோட்டாற்றுச் சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்ட அவர் 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஒல்லாந்தரின் படையில் வந்து எதிரியாய்ச் சிறைப்பட்ட டிலனாய், இந்நாட்டுக்கே உழைத்து 1777-இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவரது கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. அயர்லாந்தில் கில்லலோ என்னும் ஊரில் ஏறத்தாழ கி.பி. 1000-ஐச் சேர்ந்த சிலுவைக்கல் ஒன்று உள்ளது. தோர்கிரிம் என்னும் நோர்சுப் பெயருடையவன் அதனைச் செதுக்கிய செய்தி நோர்சு மக்களின் ரூன் எழுத்திலும், அவனுக்கான வாழ்த்து ஐரிஷ் மக்களின் ஓகம் எழுத்திலும் உள்ளன. இவ்விரு கற்களும் ஒரே வகையின. கடல்வழி வந்த அயலான் தன் எழுத்தோடு அந்நாட்டு எழுத்தையும் சேர்த்துத் தன் பெயரை நிறுத்துகிறான். வட இங்கிலாந்தின் காசுபோர்த்தில் உள்ள 10-ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவையில் கிறித்துவின் சிலுவைச்சாவும் நோர்சுத் தொன்மக் காட்சிகளும் ஒருங்கே செதுக்கப்பட்டுள்ளன. பழையது அழிந்து புதியது வந்தது என்னும் எளிய விளக்கத்திற்கு இக்கற்கள் இடம்தருவதில்லை.

8. எழுத்துச் சான்றுகளின் வரம்பு

இரு வரலாறுகளிலும் எழுதியோர் ஒரு பக்கத்தினரே. ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகளைத் துறவியர் எழுதினர், அவர்களுக்கு நோர்சு மக்கள் முதலில் ‘புறச்சமயத்தார்’, பழகியபின்னரே ‘அயலார்’. ஐரிஷ் மன்னர்களும் மடங்களைத் தாக்கியதை அதே குறிப்புகள் கூறினும் பிற்கால நினைவில் பழி நோர்சு மக்கள்மேல் மட்டும் நின்றது. குமரிக் கரையின் 1544-ஐச் சவேரியாரின் கடிதங்கள் வழியாகவே பெரிதும் அறிகிறோம். வடுகரின் படையெடுப்பு அவர்தம் பார்வையில் கிறித்தவர்மீதான தாக்குதல். விசயநகரத்தின் பார்வையில் திறைக்கான போர். பாறைமேல் ஒதுங்கிய மக்களோ இரு பார்வையிலும் தம் குரலில் பேசவில்லை. ஆகவே கடிதங்களையும் கல்வெட்டுகளையும் எதிர்நிறுத்திப் படிப்பதோடு, மக்கள் வழக்குச் சொற்களையும் இடப்பெயர்களையும் மூன்றாவது சான்றாகக் கொள்ளுதல் இன்றியமையாதது.

9. முடிவுரை

இவ்வொப்பீட்டால் பெறப்படுவன வருமாறு. கூட்டுத் திருமுழுக்கு இரு நிலப்பகுதிகளிலும் காப்பவர்க்கும் காக்கப்படுவோர்க்கும் இடையிலான உடன்படிக்கையாகத் தொடங்கியது. இதனை மறைக்கவோ இழிவாகக் கருதவோ வேண்டுவதில்லை. பாறைமேல் உயிருக்கு ஒதுங்கிய மக்கள் காவலை நாடுவது இயல்பு. உடன்படிக்கையளவில் நின்ற சமயம் காப்பவன் மறைந்தபோது தானும் மறைந்ததற்குக் கிழக்குச் சாக்சன் நாடு சான்று. காப்பவன் வீழ்ந்தபின்னும் சமயம் நிலைத்ததற்குக் குமரிக் கரை சான்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடுகளுள் தலையானது, மக்கள் மொழியில் அச்சமயம் புகுந்து தங்கிய காலமும் ஆழமும் ஆகும்.

ஆகவே ‘அருளா, ஆதாயமா’ என்னும் வினா திருமுழுக்கு நாளை மட்டும் நோக்குவதால் விடைபெறாது. அந்நாளுக்குப் பின்வந்த தலைமுறைகள் அச்சமயத்தை எச்சொற்களால் பேசின, எப்பெயர்களை இட்டன, எவ்விடங்களில் நட்டன என்று வினவுதலே பயனுடையது. இதற்கு முதற்பணியாக, மாவட்டத்தின் குருசடிகளை ஊர்தோறும் பதிவுசெய்து, அவற்றின் பெயர், அமைவிடம், அருகிலுள்ள மரம், வாய்மொழி வரலாறு ஆகியவற்றைத் தொகுத்தல் வேண்டும். சாலை விரிவாக்கத்தாலும் கடலரிப்பாலும் இத்தகைய இடங்கள் இடம்பெயர்கின்றன. கடற்கரை முதியோரின் சொற்களும் அவர்களோடு மறைகின்றன. கடிதங்கள் ஆவணக் காப்பகங்களில் பாதுகாப்பாக உள்ளன. ‘வேண்டும்’ என்று மன்றாடிய மக்களின் பக்கத்துச் சான்றோ இக்கரையின் பேச்சுமொழியிலேயே எஞ்சியுள்ளது.